மச்சான் பாக்கெட்டில் ஒரு குழாய்த் திருகு

எனக்குக் கோபம் சரியாக வராது. வந்தாலும் அளவு பொருந்தாது. இரவல் சட்டை போட்டவன் மாதிரி தோளில் தொங்கும், கையில் நீளும், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அதனால் கோபப்பட வேண்டிய இடங்களில் ஒரு ஜோக்கைச் சொல்லிவிட்டு நழுவிவிடுவது என் வழக்கம். இந்த விஷயத்தில் நழுவ முடியவில்லை.

நாங்கள் மூன்று பேரும் ஒரு பெரிய ஓட்டலின் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். நான் அழுக்குத் துணி பிரிக்கிறவன். விருந்தாளிகள் எந்தத் துண்டால் எதைத் துடைத்தார்கள் என்ற ரகசியம் எனக்குத்தான் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. என் மனைவி பக்கத்து அறையில், துணி தேய்க்கிற நீராவிப் பிரஸ்ஸில். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், அந்த அறைக்கு சூப்பர்வைசர். வீட்டில் மச்சான், வேலையில் மேலதிகாரி. இரண்டையும் அவர் குழப்பிக்கொண்டதே கிடையாது. இரண்டு இடத்திலும் ஒரு படி மேலேதான் நிற்பார்.

பிரஸ் அறையின் மூலையில் ஒரு குழாய் இருக்கிறது. தொட்டி இருக்கிறது, குழாய்க்குள் தண்ணீரும் இருக்கிறது, அதைத் திறந்து மூடுகிற திருகுதான் இல்லை. திருகு மச்சானின் சட்டைப் பாக்கெட்டில், பேனாவுக்குப் பக்கத்தில். முன்பெல்லாம் பிரஸ் போடுகிறவர்கள் வியர்வை தாங்காமல் முகம் கழுவிவிட்டு ஈரக்கையோடு வந்து நிற்பார்களாம். தேய்த்து அடுக்கிய வெள்ளை விரிப்பில் சொட்டு விழும், சொட்டு விழுந்த இடம் வட்டமாகச் சுருங்கும், மொத்த அடுக்கும் மறுபடி மெஷினுக்குப் போகும். மேனேஜர் ஒருநாள் கத்தியிருக்கிறார். மறுநாள் மச்சான் திருகைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தண்ணீர் வேண்டுமென்றால் மாடி ஏறி, சமையலறையைத் தாண்டி, ஊழியர் கழிவறைக்குப் போக வேண்டும். போவதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலருக்குத் தாகம் அடங்கிவிடும்.

சரி, பிரஸ் அறையில் கை சுட்டுக்கொண்டால்? அதற்கு ஒரு அட்டைப்பெட்டி. அறைகளைச் சுத்தம் செய்கிறவர்கள் விரிப்புகளை அள்ளி மூட்டை கட்டும்போது விருந்தாளிகள் விட்டுப்போன குட்டிப் பற்பசைக் குழல்களும் மூட்டையோடு கீழே வந்துவிடும். அவற்றை மச்சான் சேர்த்து வைத்திருந்தார். யாருக்குச் சூடு பட்டாலும் கொஞ்சம் பிதுக்கித் தடவுவார். ஜில்லென்று இருக்கும், வாசனையாகவும் இருக்கும், ஆள் பிரஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம். இதற்கு அவரிடம் ஒரு தத்துவமும் உண்டு.

"சுடச்சுட இருக்கிற துணியப் பச்சத்தண்ணியில முக்கினா என்ன ஆகும்? சுருங்கும். தோலும் துணிதான்."

வேறு எங்கேயாவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த அறையில் எல்லோரும் ஆயுசில் பாதியைத் துணி சுருங்காமல் காப்பாற்றுவதில் கழித்தவர்கள். அதனால் இது வேதவாக்காக நின்றுவிட்டது. போதாததற்குக் கையில் சூட்டுத் தழும்பு இருப்பது அங்கே பெருமை. 'கோடு' என்பார்கள். கோடு இல்லாதவன் பிரஸ்காரனே இல்லை. மச்சானின் முழங்கைக்குக் கீழே வரிக்குதிரையே படுத்திருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் மனைவி தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓர் உறையின் முனை மடங்கியிருந்தது. மேல்தகடு இறங்கும்போதே இடது கையை விட்டு அதை நீவினாள். தகட்டின் விளிம்பு மோதிர விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒருமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டது.

நான் ஓடி வந்தபோது அவள் கை வெள்ளை வெளேரென்று இருந்தது. தோலே போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் பேஸ்ட். மச்சான் தாராளமாகத் தடவியிருந்தார், கல்யாண வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

"லேசான சூடுதான், மாப்ள. ஒண்ணுமில்ல. நீங்க போய் வேலையப் பாருங்க," என்றார்.

அவளும் ஒன்றுமில்லை என்றாள். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டுமே. "சிலருக்குப் பேசினா வாய் மணக்கும். உனக்குக் கை மணக்குது," என்றேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்து பிரஸ் அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, மச்சானைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நான் என் மூட்டைகளுக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் வீட்டில் பேஸ்ட் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள்ளே சிவப்பு. ஒரு பக்கம் உப்பிக்கொண்டு வந்தது. மோதிர விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. நான் போட்ட மோதிரம் அது. போட்ட அன்றைக்கு லொடலொடவென்று இருந்தது. அளவு எடுப்பதில் நான் எப்போதும் இப்படித்தான். அதையா கழற்ற முடியவில்லை என்று சோப்பைப் போட்டு இழுத்தேன். அவள் வலது கையால் என் தலையில் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகுதான் கிளினிக்குக்குப் போகலாம் என்று எனக்கு உறைத்தது.

தெருக்கோடி கிளினிக்கில் ஒரு நர்ஸ். பருத்த உடம்பு, சின்னக் கண்ணாடி. கையைப் பார்த்ததும், "யார் செஞ்ச வேலை இது?" என்றார். சூடு பட்டதைக் கேட்கவில்லை, பேஸ்ட்டைத்தான் கேட்டார். வைத்தியம் என்றேன். "வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது அதுக்கும் மேல," என்று சொல்லிவிட்டு, அந்தக் கையைத் தண்ணீரில் காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவ ஆரம்பித்தார். பேஸ்ட் ஒவ்வொரு இடமாக விட்டு வரும்போது மனைவி என் சட்டையைப் பிடித்து முறுக்கினாள். சத்தமே வரவில்லை. என் பொத்தான் ஒன்றுதான் தெறித்தது.

கழுவிக்கொண்டே நர்ஸ் சொன்னதை நான் மனப்பாடமாகச் சொல்வேன், ஏனென்றால் திட்டிக்கொண்டே சொன்னார். வெறும் சிவப்பும் எரிச்சலும் என்றால் மேல்தோலோடு போச்சு, சில நாளில் ஆறிவிடும். கொப்புளம் கட்டினால் அதற்கு அடியில் இருக்கிற தோலும் வெந்திருக்கிறது, ஆற வாரக்கணக்காகும். வெளுத்தோ கருகியோ போய், தொட்டாலும் வலிக்கவில்லை என்றால் அதுதான் பயப்பட வேண்டியது, நரம்பு வரை போயிருக்கும்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"ரொம்ப."

"நல்லது."

"அப்ப எனக்கு ரொம்ப நல்லது," என்றாள் மனைவி. அந்த நிலைமையிலும். இதற்காகத்தான் நான் இவளைக் கட்டிக்கொண்டேன்.

சுட்டதும் செய்ய வேண்டியது ஒன்றுதானாம். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்டுவது. ஐஸ் கூடாது, எண்ணெய் கூடாது, பேஸ்ட் கூடவே கூடாது. தகடு விலகின பிறகும் சூடு தோலுக்குள்ளேயே உட்கார்ந்து வேகவைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர்தான் அதை வெளியே இழுக்கும். அதன்மேல் பேஸ்ட்டை அப்புவது உலைக்கு மூடி போடுகிற மாதிரி. மோதிரம், வளையல் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னால் கழற்ற வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஒரு குட்டிக் கத்தரியால் நான் போட்ட மோதிரத்தை வெட்டினார். இரண்டு துண்டாக என் உள்ளங்கையில் வைத்தார்.

"உடனே தண்ணி காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. பக்கத்துல குழாயே இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் அவளுடைய வலது கையைத் திருப்பிப் பார்த்துவிட்டார். உள்ளங்கையில் சிராய்ப்பு. நடுவில் சதுரமாகத் தோல் உரிந்திருந்தது.

"இங்க என்ன?"

மனைவி கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். பிறகு, யாரோ தெருவில் பார்த்ததைச் சொல்வது மாதிரி, "குழாயத் திருகிப் பார்த்தேன்," என்றாள்.

திருகு இல்லாத குழாயில் என்ன இருக்கும்? ஒரு மொட்டை இரும்புத் தண்டு. வெந்த கையைத் தொட்டிக்கு நேராக நீட்டிக்கொண்டு, இன்னொரு கையால் அந்த மொட்டைத் தண்டைத் திருகியிருக்கிறாள். தோல் உரியும்வரை திருகியிருக்கிறாள். தண்ணீர் அதற்குள்ளேதான் நின்றுகொண்டிருந்தது. அவளுடைய அண்ணன் பேஸ்ட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார், பாக்கெட்டில் திருகோடு.

என் கோபம் அங்கேதான் அளவு சரியாகத் தைத்து வந்தது. அதற்குப் பிறகு ஒரு ஜோக்கும் வரவில்லை. டாக்டர் எட்டிப் பார்த்து மருந்து எழுதியதும், ஒட்டாத துணி வைத்து நர்ஸ் தளர்வாகக் கட்டுப் போட்டதும், கொப்புளத்தை உடைக்காதே என்று எனக்கு விரலை ஆட்டியதும், எல்லாம் எங்கேயோ நடந்தன. எனக்கு அந்தச் சதுரச் சிராய்ப்புதான் கண்ணில் நின்றது.

மறுநாள் காலையில் பஸ்ஸிலேயே பேச்சைத் தயார் செய்தேன். நல்ல பேச்சு. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார், வாயசைவே அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டும்.

பிரஸ் அறைக்குள் நேராகப் போனேன். "மச்சான், திருகக் குடுங்க."

தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கேட்ட குரலில் அக்கறை இருந்தது, அதுதான் என் எரிச்சலைக் கூட்டியது. கொப்புளம் என்றேன். இரண்டு வாரம் வேலைக்கு வர மாட்டாள் என்றேன். அவர் தன் கையை நீட்டி, எனக்கும்தான் வந்தது, ஆறிப்போச்சு என்று வரிக்குதிரையைக் காட்டினார்.

"தோலு துணியா, மச்சான்? விரிப்பு கருகினா என்ன செய்வீங்க? லேசா மஞ்சளாச்சுன்னா துவைக்கலாம், பழுப்பாச்சுன்னா இழை செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற எடுப்பீங்க. அவளுக்கு வேற கை எங்க இருந்து எடுப்பீங்க?"

எழுதும்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இந்த மாதிரி நேரங்களில் பெரிய மனிதர்கள் மேசையில் ஓங்கிக் குத்துவார்கள் அல்லவா? நானும் ஓங்கிக் குத்தினேன்.

அது மேசை இல்லை. சட்டைக் கைமடிப்பு தேய்க்கிற சின்ன பிரஸ். மூடியிருக்கும்போது பார்க்க மேசை மாதிரிதான் இருக்கும். மேல்தகடு இரும்பு. காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தை விவரிக்க வேண்டாம். யாரோ சிரித்தார்கள், அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். பேச்சு முழுக்க மறந்துவிட்டது. கையின் ஓரம், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, தீயாகப் பிடித்துக்கொண்டது. அதற்குள் மச்சான் அட்டைப்பெட்டியோடு வந்துவிட்டார். ஒரு குழலின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார்.

"பேஸ்ட்ட மூடு. குழாயத் திற," என்றேன்.

"மாப்ள, சொன்னாக் கேளுங்க. சுருங்கிடும்."

"சுருங்கட்டும்."

"எரியுதுல்ல?"

"எரியுது. திற."

அவர் ஓர் அடி முன்னால் வந்தார், நான் ஓர் அடி பின்னால் போனேன். கையைத் தொட்டிக்கு நேராக நீட்டிக்கொண்டு, அந்த மொட்டைக் குழாய்க்கு அடியில் போய் நின்றேன். நான் வீரன் இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கிலும் கொட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நானே பேஸ்ட்டைப் பிடுங்கித் தடவியிருப்பேன், சாப்பிட்டும் இருப்பேன். ஆனால் நேற்று அவள் நின்ற இடத்தில் நிற்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

பக்கத்து பிரஸ் அக்கா வாயைத் திறந்தாள். "நேத்து அவளும் அங்கதான் நின்னா," என்றாள்.

மச்சான் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். முதலில் பேனா வந்தது. பிறகு திருகு வந்தது. மாட்டித் திருப்பினார். குழாய் இருமியது, துருவாகக் கொஞ்சம் துப்பியது, பிறகு தெளிந்து கொட்டியது.

இருபது நிமிஷம் என்பது எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டுமானால், சண்டைக்காரனோடு ஒரே குழாய்க்கு அடியில் நின்று பார்க்க வேண்டும். நான் அவ்வப்போது கையை இழுத்தேன். அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்கு அடியிலேயே வைத்திருந்தார். அந்தப் பிடி முரட்டுப் பிடி இல்லை. அவருடைய கோடுகள் என் முகத்துக்குப் பக்கத்தில். இவருக்கும் யாரும் தண்ணீர் காட்டியதில்லை என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றியதும் கோபம் கொஞ்சம் தளர்ந்தது. அதுதான் என் வியாதி. இன்னும் எரிகிறதா என்று கேட்டார், குறைகிறது என்றேன். அவர் குனிந்து கையை உற்றுப் பார்த்தார்.

"சுருங்கல," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

கடைசியில் குழாயை மூடினார். திருகைக் கழற்றினார். சட்டையில் துடைத்தார். பாக்கெட்டில் போட்டார், பேனாவுக்குப் பக்கத்தில்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேங்க்ஸ் மச்சான்" என்று சொன்னேன்.

சாயங்காலம் வீட்டில் இதை ஒரு கதையாகச் சொன்னேன். மேசை என்று நினைத்துக் குத்தினதை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். மனைவி கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு கேட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கையக் காட்டுங்க," என்றாள்.

காட்டினேன். லேசான சிவப்பு, அவ்வளவுதான். அதுவும் வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிந்தது. அவள் தன் கையை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் இன்னும் உப்பியிருந்தன. இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திருகு எங்க?"

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

"மறுபடியும் பாக்கெட்டுலயா?"

"நான் நாளைக்கு மச்சான்கிட்ட..."

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்," என்றாள். எங்கள் வீட்டில் 'நீங்க' என்பது 'நீ' ஆகிவிட்டால் அடுப்பையே அணைத்துவிடலாம், அந்தச் சூடு போதும். "என் கை வெந்தப்ப திறக்காத குழாய் உன் கை வெந்ததும் திறந்துச்சு. நீ நனைஞ்ச, மூடிட்டாங்க. நீ தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்ட. நாளைக்கு அந்த அக்காவுக்குச் சுட்டா? மறுபடியும் நீ போய் எங்கயாவது குத்துவியா?"

இதற்கு என்னிடம் ஒரு ஜோக்கும் இருந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் அவளும் கிளம்பினாள். லீவு என்று ஞாபகப்படுத்தினேன். தோளில் ஒரு பை, சாப்பாடு என்று நினைத்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கையை மட்டும் நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்திருந்தாள், சத்தியம் செய்கிறவள் மாதிரி.

பிரஸ் அறையில் மச்சான் அவளைப் பார்த்ததும் எழுந்தார். எப்படிம்மா இருக்கே என்று ஆரம்பித்தார்.

"திருகக் குடு, அண்ணே."

மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்றார். விரிப்பில் மறுபடி சொட்டு விழுந்தால் யார் பொறுப்பு என்றார். வீட்டில் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் பேசப் பேச அந்த அறை மெல்ல அமைதியாகிக்கொண்டே வந்தது. முதலில் பக்கத்து பிரஸ் அக்கா பெடலிலிருந்து காலை எடுத்தாள். பிறகு அவளுக்கு அடுத்தவள். ஒவ்வொரு பிரஸ்ஸாக நீராவி சீறி அடங்கியது. நான் அந்த அறையை அவ்வளவு நிசப்தமாகக் கேட்டதே இல்லை.

"மேனேஜரக் கூப்பிடு. சொட்டு விழுந்தா விரிப்பத் திருப்பித் துவைக்கலாம்னு நான் சொல்றேன். இதத் துவைச்சுக் காட்டச் சொல்லு," என்று கட்டுப்போட்ட கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவள் இன்னொரு கையையும் திருப்பிக் காட்டினாள், அந்தச் சதுரச் சிராய்ப்பை. அதை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை. மொட்டைத் தண்டின் அளவு அவருக்குத் தெரியும், கழற்றினவர் அவர்தானே. திருகை எடுத்து நீட்டினார்.

ஒற்றைக் கையால் மாட்ட முடியவில்லை. மச்சான் உதவிக்குக் கை நீட்டினார். "நீ தொடாதே," என்றாள். நான் ஓர் அடி வைத்தேன். "நீயும்தான்." பக்கத்து பிரஸ் அக்கா வந்து திருகைப் பிடித்துக்கொண்டாள். மனைவி பையைத் திறந்தாள். சாப்பாடு இல்லை. எங்கள் வீட்டு ஸ்க்ரூடிரைவரும், ஒரு திருகாணியும், சுத்தியலும். திருகின் நடுவில் திருகாணியை இறுக்கினாள், இறுக்கி முடித்ததும் அதன் தலையில் சுத்தியலால் அடித்தாள், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற காடி நசுங்கி மழுங்கும்வரை. இனி அதை யாரும் கழற்ற முடியாது. ஒவ்வோர் அடிக்கும் கட்டுப்போட்ட கையும் சேர்ந்து குலுங்கியது, வலித்திருக்கும். நிறுத்தவில்லை.

பிறகு குழாயைத் திறந்து ஓடவிட்டாள். தரை நனைந்தது, மச்சானின் செருப்பு நனைந்தது, ஓர் அடுக்கு விரிப்பில் நிஜமாகவே சொட்டு விழுந்தது. யாரும் அசையவில்லை. அவள் பற்பசைப் பெட்டியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோ. பல்லுக்கு நல்லது."

அதற்குப் பிறகு மச்சான் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் போன வாரம் அக்காவுக்கு மணிக்கட்டில் சுட்டபோது, அவர்தான் முதலில் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தாராம். கடிகாரத்தையும் பார்த்தாராம், இந்த முறை சீக்கிரம் எடுத்துவிடாதே என்று சொல்வதற்காக. இதை மனைவியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவள் கையில் கட்டு அவிழ்ந்துவிட்டது. விரலடியிலிருந்து மணிக்கட்டு வரை புதுத் தோல், வெளிர் சிவப்பு, பளபளவென்று. போகுமா, நிற்குமா என்று நர்ஸாலும் சொல்ல முடியவில்லை. மோதிரத் துண்டுகள் என் பாக்கெட்டில் இருக்கின்றன. ஒட்டித் தரட்டுமா என்று கேட்கத் தைரியம் இல்லை.

எனக்கு அந்த 'நீங்க' இன்னும் திரும்பி வரவில்லை. நேற்று ராத்திரி சாப்பிட்டதும், "நீ பாத்திரத்தக் கழுவு," என்றாள். குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கழுவினேன்.